மலையே, ஏன் போகச் சொன்னாய்

ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் மீன் விற்கும் பெண்களுக்குக் கை கழுவும் பழக்கமே இல்லை என்று, ஏரியில் குளிக்கத் தலைநகரத்திலிருந்து வருகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். கழுவத்தான் செய்கிறார்கள். வாடை போவதில்லை, அவ்வளவுதான். ஜிபாரின் விரல்களில் ஊறிப்போன உப்பும் மீன் நெய்யும் அவளுடைய பாஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளையும் அரித்துக்கொண்டிருந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துரு ஏறிவிடும். கோஸ்தியா அவற்றைக் கழற்றி, சோடா உப்பு போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்துத் திரும்ப மாட்டித் தருவான். கம்பி வேகிற சட்டியிலிருந்து மீன் சூப் வாசம் வருகிறது என்று அவன் அம்மா ரஷ்ய மொழியில் வைது தீர்ப்பாள்.

மூன்று பேர்தான் அந்தக் குழு. பாஸ் வாசிக்கவும் கூடப் பாடவும் ஜிபார், டிரம்ஸ் அடிக்கக் கோஸ்தியா, பாடவும் கிட்டார் வாசிக்கவும் குபாத். குபாத் அவளுடைய பெரியப்பா மாம்பெத்தின் மகன், அவளைவிட ஒரு வயது இளையவன். ஒரே முற்றத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள். வடக்கு வீட்டில் மனைவியை இழந்த மாம்பெத்தும் குபாத்தும் இருந்தார்கள். தெற்கு வீட்டில் தம்பி எசெனும் அவர் மனைவி சைரகானும் ஜிபாரும் இருந்தார்கள். நடுவில் மீனுக்குப் புகை போடும் கொட்டகை. அண்ணனும் தம்பியும் ஏரியில் வலை போட்டுப் பிடித்து வருவதை சைரகானும் ஜிபாரும் குடல் நீக்கி, உப்பில் ஊறவைத்து, வாதுமை விறகின் புகையில் தொங்கவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் கோத்துக் கட்டி விற்பார்கள். புகை போடாத நாட்களில் கொட்டகை காலி. அங்கேதான் மூன்று பேரும் பழகினார்கள். ஆம்ப் என்று பெயர் பண்ணிக்கொண்டிருந்தது, மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து கோஸ்தியாவின் அப்பா கழற்றி வந்த ஒலிபெருக்கி. மேற்கே கணவாயிலிருந்து உலான் காற்று வீசும் நாட்களில் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொள்ளும். அதையும் மீறிக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே குபாத்துக்கு அந்தத் தொண்டை வந்தது. பாடகனுக்குரிய தொண்டை என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். கயிறு அறுந்த படகை நோக்கிக் கரையிலிருந்து கூப்பிடுகிறவனின் தொண்டை.

மாம்பெத்துக்கு அந்தச் சத்தமே ஆகாது. "மீனு ஏற்கெனவே செத்துப்போச்சுடா, இன்னும் எதுக்கு அதப் போட்டுக் கொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகையைத் தாண்டிப் போவார். கிண்டல்தான் என்றாலும் உள்ளே கசப்பு இருந்தது. ஒரே மகன் வலையைத் தொடுவதில்லை. ஒரு தடவை குபாத்தின் கிட்டாரைத் தூக்கி முற்றத்துப் பனியில் எறிந்துவிட்டார். குபாத் எடுத்து வந்து, உடைந்த கழுத்தைப் படகின் விரிசலை அடைக்கிற பசையால் ஒட்டினான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் சாப்பாட்டு மேசையில் உப்பைத் தள்ளிவிடச் சொல்வதற்குக்கூட வாயைத் திறப்பதில்லை.

முதல் கச்சேரி ரயில்வேத் தொழிலாளர் மன்றத்தில். முப்பது பேர் இருந்திருப்பார்கள், அதில் பாதிப் பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள். இரண்டாவது பாட்டில் பின்வரிசையிலிருந்து ஒருவன், "மேடையில என்னப்பா புகைமீன் நாத்தம்?" என்று குரல் கொடுத்தான். மன்றம் முழுக்கச் சிரித்தது. ஜிபாருக்கு முகம் சிவந்துவிட்டது. குபாத் மைக்கைப் பிடித்து, "ஆமா, நாங்கதான் புகைமீன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டை இன்னும் வேகமாக ஆரம்பித்தான். குழுவுக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. பெயர் வந்ததே தவிரப் பாட்டு வரவில்லை. குபாத் எழுதுகிறதெல்லாம் அவன் கேட்ட ரஷ்யப் பாட்டுகளின் எச்சிலாக இருந்தது. அது அவனுக்கே தெரியும் என்பதுதான் கொடுமை.

அந்த அக்டோபரில் எசென் ஏரியில் போனார்.

உலான் காற்று எழும்பிவிட்ட காலை. வலை உள்ளே கிடந்தது. எசென் மட்டும் தனியாகப் படகெடுத்துப் போனார். மூன்றாம் நாள் தெற்குக் கரையில் உடம்பு ஒதுங்கியது. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பினார்கள், குதிரை அறுத்தார்கள். வந்த ஆண்கள் வாசலிலேயே நின்று, "என் தம்பியே, என் முதுகெலும்பே" என்று ஓங்கிக் கதறிவிட்டு ஒதுங்கினார்கள். கூடாரத்துக்குள்ளே சைரகான் கூந்தலை அவிழ்த்துப் போட்டு, கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். பக்கத்தில் ஜிபார். அம்மா ஓர் அடி எடுக்க வேண்டும், மகள் அடுத்த அடியை எடுத்துப் பாடித் தாங்க வேண்டும், முறை அது.

சைரகானின் ஒப்பாரியைப் பற்றி அந்தத் தெரு ஒரு மாதம் பேசியது. வாயைத் திறந்து பேசாதவள், மூன்று நாளும் ஏரியையும் காற்றையும் இழுத்து வைத்து அழுதாள். மூன்றாம் நாள் அந்த அடி வந்தது.

*காத்து வரும் சேதி கண்டும் கரையிலே நின்ற மலையே, போகாதே என்னாமல் போ என்று ஏன் சொன்னாய்?*

மலை யார் என்பது எல்லாருக்கும் தெரியும். புருஷனுடைய அண்ணன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தைந்து வருஷமாக அவள் மாம்பெத்தை 'மலை' என்றுதான் சொல்லிவந்தாள். வெளியே அடுப்பருகில் நின்ற மாம்பெத்தின் காதிலும் அது விழுந்தது. அவர் குனிந்து விறகைத் தள்ளிவிட்டார். வேறொன்றும் செய்யவில்லை.

செய்யவும் முடியாது. ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. அதைக் கூடாரத்து வாசலைத் தாண்டி எடுத்துப்போகவும் கூடாது. அழுதவள் வயிறெரிந்து தவறாகச் சொல்லியிருந்தால், வருஷம் திரும்புகிற நாளில் கடைசி ஒப்பாரி வைத்துக் கறுப்பைக் கழற்றி, வீட்டு மூத்தவர் கையால் தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொள்வாளே, அப்போது அவளே அதே அடியை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அதுவரை அந்தச் சொல் கூடாரத்தோடு சுருட்டி வைத்த மாதிரி. அந்தத் தெருவில் கோபதாபங்கள் கொலை வரைக்கும் போகாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

அதை எடுத்துப்போனவள் ஜிபார்.

நாற்பது நாள் கழிந்து கொட்டகையைத் திறந்தார்கள். வெளியே பனி. கோஸ்தியா கையுறையோடு குச்சியைப் பிடித்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். ஜிபாரின் விரல்கள் தாமாகவே அந்த ஒப்பாரியின் ஆட்டத்துக்கு, முன்னும் பின்னுமாக, இரண்டே சுரத்தில் போய்வந்துகொண்டிருந்தன. குபாத் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு, இது என்னக்கா என்று கேட்டான். அவள் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. மலை யார், கேட்கிறவன் யாருடைய மகன், எதை எங்கிருந்து எடுக்கிறோம், எல்லாம். அப்பாவைக் கொன்றவர் எதிர் வீட்டில் உட்கார்ந்து பால் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அதைவிட அசிங்கமான உண்மை ஒன்று உண்டு. பாட்டு நன்றாக இருந்தது. இரண்டு வருஷமாகத் தேடியது கையில் வந்துவிட்டது. அதை விட அவளுக்கு மனசில்லை.

குபாத் அந்த அடியைப் பாடினான். 'மலையே, ஏன் போகச் சொன்னாய்' என்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட மேலே. நாலாவது தடவையில் கோஸ்தியா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்தான். பாடி முடித்ததும் குபாத்தின் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. அப்பனைப் பத்து வருஷம் திட்ட நினைத்துத் திட்டாதவன் திட்டி முடித்த திருப்தி.

கைப்பேசியில் பதிந்ததை ஒருவனுக்கு அனுப்ப, அவன் பத்துப் பேருக்கு அனுப்ப, மார்ச் மாதத்துக்குள் ஏரியைச் சுற்றி ஓடுகிற வேன்களில் எல்லாம் அந்தப் பாட்டு ஓடியது. தலைநகரத்துப் பண்பலையில் 'ஆல்டர்நேட்டிவ்' என்று ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் போட்டார்கள். எதற்கு மாற்று என்று கோஸ்தியாவின் அப்பா கேட்டார், யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்டவர்களுக்கு எசெனையும் தெரியாது, உலானையும் தெரியாது. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்கும் பனி அள்ளவும் போன பிள்ளைகள் தங்களைப் பற்றிய பாட்டு என்று நினைத்தார்கள். ஊரே, நாடே, ஏன் எங்களைப் போகச் சொன்னாய் என்று அவர்களுக்குக் கேட்டது. மாஸ்கோவில் பதினான்கு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து அதைப் பாடி அனுப்பிய படத்தை லட்சம் பேர் பார்த்தார்கள். ஜூனில் தலைநகரத்து விளையாட்டு அரங்கத்தில் புகைமீன் மேடையேறியது. மூவாயிரம் பேர். நாலாவது 'மலையே' வந்தபோது குபாத் வாயை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். அவர்கள் பாடினார்கள். ஜிபார் வாசிப்பை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சைரகான் அந்தப் பாட்டை முதலில் கேட்டது மீன் கூடையோடு ஏறிய ஒரு வேனில். இரண்டாவது அடியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். நாலு கிலோமீட்டர் எதிர்க்காற்றில் கூடையைச் சுமந்து நடந்து வந்தாள். வந்தவள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து மகளோடு பேசுவதையே விட்டுவிட்டாள். ஆனால் ஒரே வீட்டில், ஒரே தொட்டியில் கைவிட்டு மீன் புரட்டுகிறவர்கள் பேசாமல் எப்படி இருப்பது? அடுப்பிடம் பேசினாள். "அடுப்பே, விறகு முடிஞ்சுபோச்சு." கத்தியிடம் பேசினாள். "கத்தியே, இந்த வீட்டுல உன்னத் தீட்ட ஆளில்ல." ஜிபார் விறகு கொண்டுவருவாள், கத்தியைத் தீட்டுவாள். ஏழு மாதம் அப்படி ஓடியது.

மாம்பெத்தின் பாடு அதைவிட மோசம். படகுத்துறையில் அவர் தலை தெரிந்தால் இளவட்டங்கள் வாயை மூடிக்கொண்டு அந்த மெட்டை மூக்கால் இழுப்பார்கள். சந்தையில் ஆட்டுக்கறி வாங்கப் போனால், கடைக்காரன் யாரையோ பார்த்துச் சொல்கிற மாதிரி, "மலை வந்துருச்சு, வழி விடுங்க" என்பான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நான்கு தடவை கத்திவிட்டு ஓடினார்கள். பாடுகிற குரல் சொந்த மகனுடையது. அவர் குபாத்தின் துணிமணிகளை வெளியே தூக்கிப் போட்டார். அவன் கோஸ்தியா வீட்டுக்குப் போய்விட்டான். ஆனாலும், தெற்கு வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க நிலக்கரி வந்தது வடக்கு வீட்டிலிருந்துதான். எசெனின் கல்லறைக்கு இரும்பு வேலி அடித்ததும் அவர்தான். நடுமுற்றத்தில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போவார். சைரகான் தலையைக் குனிந்துகொண்டு எடுத்து வைப்பாள்.

ஆகஸ்டில் ஒருநாள் அவர் வரப்போகிற குளிர்காலத்துக்கான மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றார். ஜிபார் கொட்டகைக்குள் இருந்தாள்.

"வருஷம் வருது" என்றார் மாம்பெத்.

"ஆமா" என்றாள் சைரகான்.

"நான் ஒண்ணும் கேக்கல. அன்னைக்கி அடுப்புகிட்ட நின்னப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல. நாய் குரைக்கிற மாதிரி ஊரே என்னப் பாத்துக் குரைக்குது, இன்னும் ரெண்டு மாசம் குரைக்கட்டும். அன்னைக்கி வெள்ளத் துணியோட வாசல்ல நிப்பேன். நீ சொல்ல வேண்டியதச் சொல்லுவன்னு நிப்பேன். அவ்வளவுதான்."

சைரகான் அவர் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

ஜிபாருக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது. பெரிய மனுஷன், வீட்டுக்கு மூத்தவன், விதவையை நிற்கவைத்து வார்த்தையைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள். செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. சாலையோரக் கடையிலிருந்து கோணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். கொட்டகையில் சைரகான் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து மீனுக்கு உப்பைத் தேய்த்தபடி, அடிக்குரலில், கையின் ஆட்டத்துக்கு ஏற்ப, கடைசி ஒப்பாரிக்கு அடி கட்டிக்கொண்டிருந்தாள்.

*மலை ஒண்ணும் சொல்லவில்லை, மறிச்சேதான் நின்றது. அடுப்படியில் இருந்துகிட்டு அனுப்பினவ நான்தானே.*

திரும்பத் திரும்ப அதையே சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவை 'மறிச்சேதான்' என்றாள், ஒரு தடவை 'கையப் புடிச்சு' என்று மாற்றினாள். எசென் இறந்த வாரம் ஏரிக்கரை விடுதி ஒன்றில் கல்யாணம், நாற்பது மீன் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். வலை ஏரிக்குள்ளே கிடந்தது. அதுவும் அடிகளில் வந்தது. காற்றைப் பார்த்து மாம்பெத் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும், எசென் வீட்டுக்குத் திரும்பி வந்ததும், காற்றுக்குப் பயந்த ஆண்பிள்ளை உண்டா என்று இவள் கேட்டதும், எல்லாம். ஜிபார் கோணியை எடுக்காமலேயே திரும்பிவிட்டாள். ஏழெட்டு மாதமாக நாடு முழுக்கப் பாடிக்கொண்டிருப்பது பொய் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பெரியப்பாவுக்கு அது முதல் நாளே தெரியும் என்பதும் தெரிந்தது.

நேராகக் கோஸ்தியா வீட்டுக்குப் போனாள். குபாத் வாசற்படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். கைப்பேசியில் யாருக்கோ எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பாட்ட இனிமேப் பாட வேணாம்" என்றாள்.

"எந்தப் பாட்ட?"

"நடிக்காதடா."

"அக்கா, நம்மகிட்ட இருக்கிறதே அந்த ஒரு பாட்டுதான். மத்ததெல்லாம் அது வர்ற வரைக்கும் சனம் பொறுத்துக்கிற சத்தம். அடுத்த மாசம் அல்மாட்டில கூப்பிட்டுருக்கான். அங்க போயி என்ன, மீன் விலையப் பாடவா?"

"பெரியப்பாவப் பத்தி அதுல சொல்றது..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். அம்மா கூடாரத்தில் சொல்ல வேண்டியதை இவள் படிக்கட்டில் வைத்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துப்போன வாய்.

"சொல்லு" என்றான் குபாத். "அவரப் பத்தி என்ன? பொய்யா?"

"வருஷத்தன்னைக்கி வா. வந்து வாய மூடிக்கிட்டு நில்லு. அப்பத் தெரியும்."

"வருவேன். சித்தப்பாவுக்காக வருவேன். அந்த ஆளு முகத்தப் பாக்க வரல."

"அந்த ஆளு உங்கப்பன்டா."

"அத அவருகிட்டப் போயிச் சொல்லு. என் ஜட்டியெல்லாம் ரோட்டுல கிடந்தப்ப எங்க போச்சு அந்த ஒறவு?" விதைத் தோலைத் துப்பிவிட்டு அவன் மறுபடி கைப்பேசியைத் தட்ட ஆரம்பித்தான். சித்தப்பாவின் வருஷம் இன்ன தேதி, பாட்டு பிறந்த முற்றம் இது என்று அவன் அன்றைக்கே ரசிகர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டான். கெட்ட எண்ணத்தில் போடவில்லை. யோசித்துப் போடவும் இல்லை. வருஷ விருந்துக்கு வருகிறவர்களை யாரும் தடுக்கக் கூடாது, எதிரியே வந்தாலும் தட்டு வைக்க வேண்டும் என்பது மட்டும் அவன் உட்பட எல்லாருக்கும் தெரியும்.

அக்டோபரில் அந்த நாள் வந்தது. காற்று இல்லை, பளிச்சென்று வெயில். முற்றத்தில் மறுபடி கம்பளிக் கூடாரம். இரண்டு பெரிய கொப்பரைகளில் குதிரைக் கறி வெந்தது. தெருப் பெண்கள் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து மாவுத் துண்டுகளைப் பொரித்துக் குவித்தார்கள். முல்லா ஓதி முடித்தார். பதினோரு மணிக்கு வேன்கள் வர ஆரம்பித்தன. முதலில் உறவுக்காரர்கள் என்று நினைத்தார்கள். இறங்கியதெல்லாம் பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகள். தலைநகரத்திலிருந்தும் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்தான், எல்லாரும் தலையில் துணி கட்டியிருந்தார்கள், ஆளுக்கொரு பொட்டலம் சர்க்கரையோ தேயிலையோ கொண்டுவந்திருந்தார்கள். சில பேருக்கு அண்ணன்மார் ரஷ்யாவில் இருந்தார்கள். ஒருத்திக்கு அப்பா அங்கேயே இறந்து பெட்டியில் வந்திருந்தார். அவர்கள் அழத்தான் வந்திருந்தார்கள். கூடாரத்துக்குள் இருபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார, மீதிப் பேர் வாசலிலும் கம்பளிக்கு வெளியேயும் நின்றார்கள்.

சைரகான் அவர்களைப் பார்த்தாள். கூந்தலை அவிழ்த்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜிபார் உட்கார்ந்தாள். மறுபக்கம் உட்கார்ந்த பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. வாசலுக்கு வெளியே, கையில் மடித்த வெள்ளைத் துணியோடு மாம்பெத் நின்றார். புதுத் தொப்பி வைத்திருந்தார். முகத்தைச் சவரம் செய்திருந்தார். கொப்பரைக்குப் பக்கத்தில் குபாத் நின்றான்.

முதலில் ஏரியை அழுதாள், பிறகு படகை. ஜிபார் ஒவ்வொரு அடியையும் தாங்கினாள். பெண்பிள்ளைகள் விசும்பினார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் திருத்த வேண்டிய சொல்லை முதலில் எடுத்தாக வேண்டும். எடுக்காமல் திருத்த முடியாது. ஜிபாருக்கு அது தெரியும். இரண்டு வாரமாகத் தெரியும். முன்னாடியே எழுந்து அந்தப் பிள்ளைகளிடம், தங்கச்சிகளா, வாயைத் திறக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். அவர்கள் தன்னைப் பார்க்க வந்தவர்கள் என்பதுதான் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெகுநாள் ஆயிற்று.

சைரகான் மூச்சை இழுத்து எடுத்தாள்.

*காத்து வரும் சேதி கண்டும் கரையிலே நின்ற மலையே*

யாரோ ஒருத்திதான் முதலில். அழுகையோடு அழுகையாக, தன்னை அறியாமல். பிறகு கூடாரம் முழுக்க, பிறகு வெளியே, அறுபது தொண்டைகள். மலையே, ஏன் போகச் சொன்னாய். அரங்கத்தில் பாடுகிற மாதிரியே, அதே இடத்தில் மூச்சு விட்டு, ஒவ்வொரு தடவையும் மேலே ஏற்றி. ஒருத்தியும் விளையாட்டுக்குப் பாடவில்லை. கண்ணீர் வழிய வழியப் பாடினார்கள். சைரகான் குரலை உயர்த்தினாள். *மலை ஒண்ணும் சொல்லவில்லை* என்று சொன்னாள். பக்கத்தில் இருந்த ஜிபாருக்குக் கேட்டது. அவளுக்கு மட்டும் கேட்டது. அடுத்த அடியை அவள்தான் தாங்க வேண்டும். அம்மாவின் தொண்டை எட்டாத இடத்துக்கு எட்டுகிற தொண்டை அவளுடையது, மாதக்கணக்காக அரங்கங்களில் பழகியது. வாயைத் திறந்தாள். *அடுப்படியில்* என்று வர வேண்டிய இடத்தில், நூறு தடவை பாடிய வாய், 'மலையே' என்றது. நாலாவது தடவைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. பக்கத்திலிருந்த பெண் அதைக் கேட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினாள்.

சைரகான் நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். கிழவி, ஒப்பாரி முடிந்துவிட்டது என்று நினைத்து, முறைப்படி அவளைத் திருப்பி, செம்புத் தண்ணீரால் முகத்தைக் கழுவிவிட்டாள். முகம் கழுவிவிட்டால் முடிந்தது. மறுபடி எடுக்க முடியாது.

கூட்டம் விலகி வழிவிட மாம்பெத் உள்ளே வந்தார். சைரகானின் தலையில் போட வேண்டிய வெள்ளைத் துணியை ஜிபாரின் மடியில் போட்டார்.

"உனக்குக் கைதட்டுறவங்களே உங்கம்மாவுக்கு இதப் போடட்டும்" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. வெளியே போனார். கூடப் பிறந்தவனின் வருஷ விருந்தில் ஒரு துண்டு கறி வாயில் வைக்காமல், முற்றத்தைத் தாண்டிக் கதவைத் திறந்துகொண்டு ஏரிப் பக்கம் நடந்தார். குபாத், "அப்பா" என்று கூப்பிட்டான். கிட்டார் பனியில் விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை. மூவாயிரம் பேருக்குக் கேட்கிற தொண்டை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் கறி சாப்பிடக் கூப்பிட்டு வெளியே அழைத்துப்போனார்கள். கூடாரத்தில் அம்மாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். சைரகான் இன்னும் கறுப்பில்தான் இருந்தாள்.

"நான் போயி பெரியப்பாகிட்டச் சொல்லிர்றேன்மா" என்றாள் ஜிபார்.

ஏழு மாதத்துக்கு அப்புறம் சைரகான் அவளைப் பார்த்துப் பேசினாள். "என்னன்னு சொல்லுவ?"

"நீ சொன்னத. எனக்குக் கேட்டுச்சுல்ல."

"கேட்டுச்சா? கேட்டுமா உன் வாயி அந்தப் பக்கம் போச்சு?"

ஜிபாருக்கு அழுகைதான் வந்தது.

"நீ போயிச் சொன்னா அது சமாதானம் பேசுறது. நான் போயிச் சொன்னா நெலக்கரிக்காகக் கெஞ்சுறது. வெறும் வாயில சொல்றத எவளும் சொல்லலாம். அவரு ஒரு வருஷம் வாயத் தொறக்காம நின்னாரே, அதுக்கு இது ஈடா?" மகளின் மடியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். "இதப் பெட்டியில வையி."

"அப்ப எப்பத்தாம்மா சொல்லுவ?"

"அவரு சாவுல. அன்னைக்கி இந்த வீட்டுல அழறதுக்கு நான் ஒருத்திதான் இருப்பேன். அன்னைக்கி ஒண்ணு விடாமச் சொல்லுவேன், ஊரே கேக்கும்." துணியை அவள் கையில் வைத்தாள். "அவருக்குத்தான் கேக்காது."

வெளியே வாசலில் இரண்டு பெண்பிள்ளைகள் கைப்பேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். சைரகான் அவர்களைப் பார்த்தாள். பிறகு கறுப்புத் துணியை நெற்றி வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"போ" என்றாள் மகளிடம். "உனக்குத்தான் நிக்கிறாங்க."